மூன்றாம் அணிக்குப் போன கவாய்

அன்பு மகள் கயலுக்கு,

புதிதாகச் சேர்ந்தவர்களைப் பழக்கும் பொறுப்பைக் கொடுத்து உன்னை ஓரங்கட்டுகிறார்கள் என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தாய். நீ இருக்கும் ஜப்பானின் நாகோயாவில் விளையாடிய பேஸ்பால் வீரர் ஒருவரைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டும். பெயர் மசாஹிரோ கவாய்.

ஒகயாமாவில் பள்ளி அணியின் பிட்சராக, அதாவது பந்தெறிபவராக இருந்தவர். 1983இல் டோக்கியோவின் தொழில்முறை அணியான யோமியுரி ஜயன்ட்ஸுக்கு வந்த பிறகு பந்தெறிவதை விட்டு ஷார்ட்ஸ்டாப் ஆனார். ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய பேஸ்களில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே நின்று ஓயாமல் பந்தைத் தடுக்க வேண்டிய இடம் அது. சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்டன் கிளவ் விருதை ஆறு முறை வாங்கினார். ஆனாலும் அவர் பெயர் நிலைத்தது பன்ட்டால்தான்.

முதல் பேஸில் தன் அணிக்காரர் நிற்கிறார் என்று வைத்துக்கொள். கவாய் மட்டையைச் சுழற்ற மாட்டார். குறுக்காகப் பிடித்து, மேல்கையை மட்டையின் பருத்த பக்கம் நகர்த்தி, வரும் பந்தின் வேகத்தை அடக்கித் தரையில் உருட்டிவிடுவார். எதிரணி அதைப் பொறுக்கி எறிவதற்குள் முதல் பேஸில் இருந்தவர் இரண்டாம் பேஸில் இருப்பார். கவாய் அவுட். இதுதான் பன்ட். பிடி சற்று இறுகினால் பந்து எதிரே ஓடிவருபவரின் கைக்கே போய்விடும். மேலே எழும்பினால் கேட்ச். 1991இல் ஒரே சீசனில் 66 முறை இப்படிச் செய்தார். மொத்தம் 533. உலகில் வேறு யாரும் அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை. 1930இல் ஓய்வுபெற்ற அமெரிக்கர் எடி காலின்ஸின் சாதனையை அவர் தாண்டியது 2003 ஆகஸ்டில்.

அடிக்கத் தெரியாதவர் என்று நினைத்துவிடாதே. ஜயன்ட்ஸ் நாட்டின் சாம்பியன் யார் என்று முடிவாகும் ஜப்பான் சீரிஸை வென்ற 1994இல் அவருடைய பேட்டிங் சராசரி .302. பத்து முறை மட்டை பிடித்தால் மூன்று முறை வெற்றிகரமான அடி; பேஸ்பாலில் அது நல்ல கணக்கு.

2003 முடிவில் ஓய்வை அறிவித்தார். பயிற்சியாளராக அங்கேயே இருக்க வேண்டியவர். மேலாளர் ஹரா விலகியதும் ஓய்வைத் திரும்பப் பெற்று, நாற்பதை நெருங்கும் வயதில் நாகோயாவின் அணியான சூனிச்சி டிராகன்ஸில் தேர்வு கொடுத்துச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே டிராகன்ஸ், ஜப்பானின் இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்றான சென்ட்ரல் லீக்கின் சாம்பியன். 2006 வரை உன் ஊரில்தான் ஆடினார்.

பிறகு பயிற்சியாளர் வாழ்க்கை. ஜயன்ட்ஸுக்குத் திரும்பி முதல் அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர், 2016இல் மூன்றாம் அணியின் மேலாளரானார். வளர்ந்துவரும் பையன்களும் காயத்திலிருந்து மீள்பவர்களும் இருக்கும் அணி. பெரிய அரங்கம் கிடையாது, கூட்டம் கிடையாது. எனக்கு அந்த 533ஐவிட இதுதான் பெரிதாகப் படுகிறது. தன் கைக்குப் பழகியதை இன்னொருவர் கைக்குப் பழக்கிவிட, அந்த வேலையை உள்ளும் புறமும் அறிந்தவரால்தான் முடியும். உன்னைத் தேர்ந்தெடுத்ததும் அதற்காகவே இருக்கும் என்று நம்புகிறேன்.

ஏற்பதும் மறுப்பதும் உன் விருப்பம், அம்மா. மறுப்பதாக இருந்தால் வேலை பிடிக்கவில்லை என்று சொல்லி மறு. தாழ்வு என்று நினைத்து மறுக்காதே. ஏற்பதாக இருந்தால் சம்பளமும் ஆண்டு உயர்வும் குறையாது என்பதை முதலில் எழுத்தில் வாங்கிக்கொள். முடிவு செய்ததும் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல். எனக்குக் கடிதமாக எழுது.

அன்புடன்,
அப்பா