கேட்பாரற்ற வாகனம் அல்ல: ஏலத்தில் விற்கப்பட்ட என் வண்டிக்கு இழப்பீடு கோரும் நான்காவது மனு

அனுப்புநர்
இரு கால்களும் இளம்பிள்ளை வாதத்தால் செயலிழந்த மாற்றுத்திறனாளி,
மனு எழுத்தர், வட்டாட்சியர் அலுவலக வாசல்.
(பெயர், முகவரி, அடையாள அட்டை நகல்: இணைப்பு 1)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: அரசு வழங்கிய இணைப்புச் சக்கர ஸ்கூட்டரை, உரிமையாளருக்குத் தெரிவிக்காமல் நகராட்சி அகற்றி, பழைய இரும்பாக விற்றது – மாற்று வாகனமும் இழப்பீடும் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எனது மனுக்கள், நாள் 12.02.2025, 03.03.2025, 02.06.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வட்டாட்சியர் அலுவலக வாசல் வேப்பமரத்தடியில் 22 வருடமாக மனு எழுதிக் கொடுத்துப் பிழைத்து வருகிறேன். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், வாரிசுச் சான்று என்று ஐயா அவர்களின் மேசைக்கு வந்த மனுக்களில் சிலவாவது என் கையெழுத்தில் இருந்திருக்கும். சென்ற மார்கழியில் ஐயா அலுவலக ஆய்வுக்கு வந்தபோது வண்டியில் உட்கார்ந்தபடியே வணக்கம் வைத்தேன். "வண்டிய நல்லா வெச்சிருக்கீங்களே" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அந்த வண்டி இப்போது இல்லை. கீழ்க்கண்டவற்றைத் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிந்து சமர்ப்பிக்கிறேன்.

1. அந்த ஸ்கூட்டர் 2019-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மூலம் எனக்கு வழங்கப்பட்டது. பதிவுச் சான்று என் பெயரில் உள்ளது (இணைப்பு 2). காப்பீடு நடப்பில் இருந்தது. பின்பக்கம் இரண்டு இணைப்புச் சக்கரம், இடது பக்கம் ஊன்றுகோல் மாட்டும் கொக்கி, ஹேண்டில்பாரின் மேல் தச்சர் செய்து பொருத்திய எழுதுபலகை. மாற்றுத்திறனாளி வாகனம் என்று முன்னாலும் பின்னாலும் எழுதியிருந்தது. தூரத்தில் வைத்துப் பார்த்தாலும் வேறு வண்டி என்று நினைக்க முடியாது.

2. 24.01.2025 வெள்ளிக்கிழமை மதியம் என் தாயார் வீட்டில் வாதம் வந்து விழுந்துவிட்டதாகச் சேதி வந்தது. வண்டியைத் தண்ணீர்த் தொட்டிச் சுவர் ஓரம், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், வழக்கமாக நிறுத்தும் இடத்தில் பூட்டிவிட்டு, பக்கத்தில் இருந்தவர்கள் என்னை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். அங்கிருந்து 108-இல் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 17 நாள் தாயாருடன் இருந்தேன் (இணைப்பு 3). 10.02.2025 திங்களன்று திரும்பி வந்தபோது சுவர் மட்டும் இருந்தது.

3. தைப்பூசம் 11.02.2025. கூட்டம் வரும் என்று சன்னதித் தெரு முதல் பழைய பேருந்து நிலையம் வரை நகராட்சி வாகனங்களை அகற்றியது. அகற்றியதைக்கூட நான் குறை சொல்லவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நான் கேட்டு, 35-ஆம் நாள் வந்த பதிலில் (இணைப்பு 4) எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: அகற்றிய நாள் 06.02.2025, ஏலம் விட்ட நாள் 08.02.2025. வியாழக்கிழமை தூக்கி, சனிக்கிழமை விற்றிருக்கிறார்கள். நடுவில் ஒரே ஒரு நாள். பட்டியலில் "கேட்பாரற்ற இருசக்கர வாகனங்கள் 14" என்று இருக்கிறது. என் வண்டிக்கு மூன்றாவது, நான்காவது சக்கரம் இருந்ததைக்கூட யாரும் எண்ணவில்லை. கிலோ 27 ரூபாய் என்று எடை போட்டு விற்றிருக்கிறார்கள். என் வண்டி 140 கிலோ என்று வைத்தாலும் 3,780 ரூபாய். அந்த 3,780 ரூபாய் நகராட்சிக் கணக்கில் வரவாகியிருக்கிறது. எனக்கு நேர்ந்தது கீழே 6-இல் உள்ளது.

4. வண்டியை ஏற்றிய பணியாளர்களில் ஒருவர் பிறகு என்னிடம் வந்து, "அண்ணே, இது மனு எழுதுற அண்ணன் வண்டி, அவங்க அம்மாவுக்கு முடியலன்னு நான் சொன்னேன், மேஸ்திரி கேக்கல" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அவர் பெயரை எழுத மாட்டேன், ஒப்பந்த வேலை போய்விடும். ஆனால் தெரிந்தே விற்றிருக்கிறார்கள் என்பதை ஐயா குறித்துக்கொள்ள வேண்டும். புறவழிச்சாலைப் பழைய இரும்புக் கடையில் விசாரிக்கப் போனபோது, என் இணைப்புச் சக்கரங்கள் இரண்டும் தார்ப்பாய் பறக்காமல் இருக்க அதன்மேல் வைக்கப்பட்டிருந்தன. நீலப் பெயிண்ட் நானே அடித்தது. எஞ்சின் ஏற்கெனவே போய்விட்டது. எழுதுபலகை ஒரு மூலையில் கிடந்தது. கடைக்காரர் பணம் வாங்காமல் அதை எடுத்துக் கொடுத்தார். இந்த மனுவை அந்தப் பலகையை மடியில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

5. சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 127: பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ ஆளில்லாமல் நிற்கும் வாகனத்தை இழுத்துச் செல்ல, சீருடையில் உள்ள காவல் அலுவலர் அனுமதிக்கலாம். இழுத்துச் செல்லத்தான். இரண்டு நாளில் எடைக்குப் போட அந்தப் பிரிவில் ஒரு வரியும் இல்லை. அப்படி ஒரு காவல் அலுவலர் அனுமதித்ததாகவும் எனக்குத் தந்த கோப்பில் காகிதம் இல்லை. வாகனத்தை உடைக்க 2021-இல் மத்திய அரசு தனி விதிகளே கொண்டுவந்து, பதிவு பெற்ற மையம், அழித்ததற்குச் சான்று என்றெல்லாம் வகுத்திருக்கிறது. புறவழிச்சாலைக் கடை அப்படிப்பட்ட மையம் அல்ல. அரசியலமைப்பின் 300ஏ பிரிவு, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது. நம்பர் பிளேட்டை வைத்து உரிமையாளரைக் கண்டுபிடிப்பது இந்தக் காலத்தில் ஐந்து நிமிட வேலை. மற்ற ஊர்களில் பட்டியலை நாளிதழில் போட்டு, உரியவர் வந்து பெற்றுக்கொள்ள அவகாசம் கொடுத்த பிறகே ஏலம் விடுகிறார்கள். பதிவுச் சான்றில் உள்ள அதே முகவரிக்குத்தான் நகராட்சி ஆறு மாதத்துக்கு ஒருமுறை சொத்து வரி கேட்கிறது. வரி கேட்கத் தெரிந்த முகவரிக்கு, "இந்த வண்டி உன்னுடையதா" என்று ஒரு அஞ்சலட்டை போடத் தெரியவில்லையா ஐயா?

6. இனி எழுதுவதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. முந்தைய மூன்று மனுக்களிலும் "பெரும் சிரமத்திற்கு ஆளாகியுள்ளேன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அந்த வரியை நானே எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதைப் படித்து யாருக்கும் எதுவும் தெரியாது. ஆகவே மறைக்காமல் எழுதுகிறேன், மன்னிக்கவும்.

காலை ஒன்பது மணிக்கு எங்கள் தெரு ஆட்டோக்காரத் தம்பி என்னை வேப்பமரத்தடியில் இறக்கிவிட்டுப் போகிறார். பள்ளிக்கூடச் சவாரி முடித்து அவர் திரும்பி வர மாலை ஐந்து ஆகும். இந்த எட்டு மணி நேரமும் நான் சிறுநீர் கழிக்கப் போக முடியாது. வட்டாட்சியர் அலுவலகக் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று ஐயாவுக்குத் தெரியும். பின்கட்டில், ஆறு படி ஏறி, பதிவறை தாண்டி. சாய்தளம் முன்வாசலுக்கு மட்டும்தான் போட்டிருக்கிறார்கள். வண்டி இருந்தவரை நான் அதை நம்பி இருக்கவில்லை. பழைய பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பறைக்கு வண்டியிலேயே போவேன். கடைசி அறையின் கதவு வரைக்கும் வண்டி போகும். ஹேண்டில்பாரைப் பிடித்து இறங்கி, சுவரைத் தொட்டுக்கொண்டு ஊன்றுகோலில் இரண்டு எட்டு. அவ்வளவுதான். ஒரு மனிதன் யாரையும் கேட்காமல் போய்விட்டு வருவது என்பது எனக்கு அந்த வண்டிதான் ஐயா.

ஊன்றுகோலில் இரண்டு எட்டுக்கு மேல் எனக்கு வராது. இப்போது அந்தத் தூரம் முழுவதையும் கையால்தான் கடக்க வேண்டும். இரண்டு கையிலும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, சாலையைத் தாண்டி, தேங்காய் மண்டி முன்னால் லாரி நிற்கும் சேற்றைச் சுற்றி. மினி பஸ் டிரைவருக்குத் தரையோடு நகரும் ஆள் கண்ணில் படமாட்டான். இரண்டு தடவை சக்கரம் பக்கத்தில் வந்து பிரேக் போட்டு நின்றது. அப்படிப் போய்ச் சேர்ந்தால், அங்கே தரை. நடந்து போகிறவருக்கு அது ஈரத் தரை, செருப்பு நனையும். உட்கார்ந்து நகர்கிறவனுக்கு வேட்டி நனையும். அந்த வேட்டியோடு திரும்பி வந்து, பேத்திக்குச் சாதிச் சான்று கேட்டு வந்திருக்கும் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து நான் எப்படி எழுதுவேன்?

அதனால் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன். காலையில் அரை டம்ளர் காப்பி. பிறகு வீடு திரும்பும் வரை ஒன்றும் இல்லை. கத்திரி வெயிலிலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். டீக்கடை அக்கா மோர் கொண்டுவந்து நீட்டினால், இப்போதுதான் குடித்தேன் என்று பொய் சொல்கிறேன். மே மாதம் சிறுநீரில் தொற்று, குளிர் காய்ச்சல் (இணைப்பு 5). நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்ல?

ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அடக்க முடியாமல் போய்விட்டது. எதிரில் நான்கைந்து பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். முதலில் நின்ற பெரியவர் தோளில் இருந்த துண்டை எடுத்து என் மடியில் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல, "நீ எழுதுப்பா" என்றார். எழுதி முடித்தேன். அவரிடம் காசு வாங்கவில்லை. 47 வயதில் இது எனக்கு நடந்தது.

டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் கட்டணம் இல்லை என்று சொல்கிறார்கள். உண்மை, நல்ல திட்டம். அந்த பஸ்ஸின் முதல் படி என் நெஞ்சு உயரம். உடன் வர எனக்கு யார் இருக்கிறார்கள்? தாயார் வலது பக்கம் செயலிழந்து கட்டிலில் இருக்கிறார். மனைவி அவரை விட்டு நகர முடியாது.

7. முதல் மனுவுக்குப் பதில் இல்லை. மக்கள் குறைதீர்க்கும் நாளில் தங்கள் கையிலேயே கொடுத்த இரண்டாவது மனு, எந்த அலுவலகத்தின் மேல் புகாரோ அந்த அலுவலகத்துக்கே விசாரணைக்குப் போனது. "மனுதாரரின் வாகனம் கேட்பாரற்ற நிலையில் இருந்ததால் அகற்றப்பட்டது. மனு முடிக்கப்படுகிறது" என்று இரண்டு வரி வந்தது. மூன்றாவதற்கும் அதே இரண்டு வரி, தேதி மட்டும் வேறு. கேட்பாரற்றது என்றால் என்ன அர்த்தம் ஐயா? கேட்க ஆள் இல்லாதது. நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேனே! பிப்ரவரியில் கேட்டேன், மார்ச்சில் கேட்டேன், ஜூனில் கேட்டேன், இதோ ஆகஸ்டிலும் கேட்கிறேன். இத்தனை முறை கேட்ட பிறகும் அந்தச் சொல்லை அவர்களால் எப்படி எழுத முடிகிறது? 17 நாள் நான் கேட்காமல் இருந்தது என் தாயார் பிழைப்பாரா மாட்டாரா என்று மருத்துவமனை வராந்தாவில் கிடந்ததால்.

8. காப்பீட்டு அலுவலகத்தில் திருட்டு என்றால் முதல் தகவல் அறிக்கை வேண்டும் என்கிறார்கள். காவல் நிலையத்தில், நகராட்சி எடுத்தது திருட்டு ஆகாது என்று மனு ரசீதோடு அனுப்பிவிட்டார்கள். நலத்துறையில், ஏற்கெனவே ஸ்கூட்டர் பெற்றவர் என்று கணினியில் இருக்கிறது, மறுபடி தர வழியில்லை என்கிறார்கள். கணினியில் வண்டி இருக்கிறது. பதிவுச் சான்றும் இன்னும் என் பெயரில்தான். எஞ்சின் எங்கே எந்த வண்டியில் ஓடுகிறதோ, நாளை ஏதாவது நடந்தால் என் வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து,

அ) இணைப்புச் சக்கரத்துடன் புதிய ஸ்கூட்டர் ஒன்றை நகராட்சி நிதியிலிருந்து வாங்கித் தரவோ, அதன் விலையான ரூ.1,08,500-ஐ (விலைப்புள்ளி: இணைப்பு 6) வழங்கவோ உத்தரவிட வேண்டும். எது முதலில் நடக்குமோ அது. எனக்கு வண்டிதான் வேண்டும்.

ஆ) நான் வேலைக்கு வந்த 126 நாட்களுக்குப் போக வர நாளொன்றுக்கு 140 ரூபாய் வீதம் ஆட்டோ செலவு ரூ.17,640. அதோடு நான் பட்ட துன்பத்துக்கு ஐயா நியாயம் என்று நினைக்கும் தொகை. அதற்கு எவ்வளவு என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

இ) வண்டி விற்கப்பட்டதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு நகராட்சியே எழுத்தில் தெரிவித்து, என் பெயரில் உள்ள பதிவை நீக்கச் செய்ய வேண்டும்.

ஈ) இந்த மனுவைத் தயவுசெய்து அதே அலுவலகத்துக்கே அனுப்பிவிட வேண்டாம். கோட்டாட்சியர் நிலையில் ஒரு அலுவலரை விசாரிக்கச் சொல்லுங்கள். அவர் வேப்பமரத்தடிக்கு ஒரு நாள் வந்து, அங்கிருந்து கழிப்பறை வரை நடந்து பார்த்தால் போதும்.

உ) ஸ்கூட்டர் வருவதற்குத் தாமதமாகும் என்றால், அதுவரைக்கும் ஓட்ட ஒரு கைமிதி மூன்று சக்கர வண்டியாவது இந்த வாரத்திலேயே தர வேண்டும். இந்த வாரம் ஐயா. அடுத்த மாதம் மழை தொடங்கிவிடும். தேங்காய் மண்டி முன்னால் மழைக்காலத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று ஐயா போன வருடம் பார்வையிட வந்தபோது பார்த்தீர்கள். ஜீப்பே நின்றுவிட்டது. அதில் கையூன்றி என்னால் போக முடியாது. என் வண்டியைத் திருப்பித் தாருங்கள் ஐயா. நான் கேட்பது அதுதான்.

விசாரணைக்கு என்னை அழைத்தால், மாடிக்கு வரச் சொல்லாமல் தரைத்தளத்தில் வைத்து விசாரிக்க ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் காலை பத்து மணிக்கு முன்பாக இருக்கட்டும். அதற்கு மேல் என்னால் வெகுநேரம் உட்கார்ந்திருக்க முடியாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

நாள்: 18.08.2025
இணைப்பு: மேற்கண்ட 6 ஆவணங்களின் நகல்கள், முந்தைய மூன்று மனுக்களின் நகல் மற்றும் ரசீதுகள்.