லாப்பியர் அல்ல, சாமி மக்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் பயணக் கட்டுரையில் ஒரு வரி: 'சுவீடனின் ஐந்து சிறுபான்மையினரில் ஒருவரான லாப்பியர் பனிமான் மேய்த்து மகிழ்ச்சியாக வாழ்கிறார்கள்.' அந்த மகிழ்ச்சியைக் கட்டுரையாளர் எந்தத் தராசில் நிறுத்தாரோ!

அவர்கள் தம்மை அழைக்கும் பெயரான 'சாமி'யை அச்சிட்டால் வாசகர்கள் கோயில் சாமியென்று கும்பிட்டுவிடுவார்கள் எனப் பயந்தீர்கள் போலும். 'லாப்' என்றால் அங்கே ஒட்டுத்துணி என்றும் பொருள். அவர்கள் வெறுக்கும் பெயர் அது.

தாங்கள் அறியாததல்ல. 1977இல் சுவீடன் நாடாளுமன்றமே அவர்களைப் பூர்வகுடி என்று ஒப்புக்கொண்டது. 2000இல் யூதர், ரோமா முதலிய நால்வரோடு சிறுபான்மைப் பட்டியலிலும் சேர்த்தது. பட்டியலில் மொழிக்கும் பண்பாட்டுக்கும் இடமுண்டு, மேய்ச்சல் நிலத்துக்கு? அதைப் பேசும், பூர்வகுடிகளுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐஎல்ஓ) 169ஆம் உடன்படிக்கையை நோர்வே 1990இலேயே ஏற்றது, சுவீடன் இன்னும் ஏற்கவில்லை. அங்கே கிரியாஸ் என்ற சாமி மேய்ச்சல் சமூகம், தன் பகுதியில் சிறுவேட்டைக்கும் மீன்பிடிக்கும் அனுமதி வழங்கும் உரிமையை அரசோடு வழக்காடி 2020இல்தான் வென்றது. நோர்வேயிலோ சிறுபான்மைப் பட்டியலே வேண்டாமென்று, சாமிகளே தேர்ந்தெடுக்கும் சாமி நாடாளுமன்றம் மறுத்துவிட்டது. ஏன் மறுத்தது என்று நமக்கா விளக்க வேண்டும்? கொழும்புப் பத்திரிகை நம்மைச் 'சிறுபான்மை' என்றால் இரண்டு பக்கத் தலையங்கம் எழுதுபவர் தாங்கள்!

தொண்ணூறுகளில் வட நோர்வேயின் ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையொன்றில் வேலை செய்தேன். பக்கத்து மேசையில் வயதான ஒரு சாமிப் பெண். அக்கா என்றுதான் அழைப்போம். "உங்கள் வீட்டில் எத்தனை பனிமான்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். கோட் மீனின் முதுகில் இறங்கிய கத்தி பாதியில் நின்றது. "உன் வங்கியில் எவ்வளவு இருக்கிறதென்று நான் கேட்டேனா?" என்றார். பிறகு ஒரு தேநீர் வேளையில் அவரே சொன்னார்: பள்ளி விடுதியில் தாய்மொழி பேசத் தடை, இரவில் போர்வைக்குள் தங்கையோடு கிசுகிசுத்ததுதான் மிச்சம். அந்தத் தங்கைக்கு இப்போது நோர்வே மொழி மட்டும்தான் வரும்.

முன்பொருமுறை வட நோர்வே பற்றிய செய்திக்குப் பனிக்கட்டி வீட்டுப் படம் போட்டீர்கள். இங்கே அப்படியொரு வீட்டை நான் கண்டதில்லை. எழுதினேன். 'தங்கள் இதழ் அருமை' என்ற முதல் வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். அப்போதும் சந்தாவை நிறுத்தவில்லை.

வேறொன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் நான்கு வரித் திருத்தம்: பெயர் சாமி, அவர்கள் பூர்வகுடிகள். இந்த முறை முதல் வரியை வெட்டிக்கொள்ளுங்கள், திருத்தத்தை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஃபின்மார்க்கிலிருந்து ஒரு பழைய சந்தாதாரர்