முதல் மாதத்திலேயே பேச விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதினோராம் வகுப்புச் சேர்க்கை வந்தால் புதுச்சேரிப் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "பிரெஞ்சு எடுத்தா மார்க் வருமா?" வரும். அப்படிக் கேட்பதில் தப்பும் இல்லை. ஆனால் இலக்கண அட்டவணையும் நோட்ஸும் ஆங்கிலத்திலேயே ஓடும் வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்து, நல்ல மதிப்பெண்ணோடு வெளியே வரும் பிள்ளைக்கு, கடற்கரைச் சாலையில் ஒரு பிரெஞ்சுக்காரர் வழி கேட்டால் "வலப்பக்கம் திரும்புங்கள்" என்று சொல்ல வாய் வருவதில்லை. பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்று பேசிக்கொள்கிறோம். பேசிப் பார்க்கவே இடமில்லாத வகுப்பில் ஆர்வம் எங்கிருந்து வரும்?

மதிப்பெண் ஆசையைக் குறை சொல்லிப் பயனில்லை. மான்ட்ரியலில் பிரெஞ்சு படித்த, ஆங்கிலம் பேசும் பள்ளி மாணவர்களை ஆராய்ந்து கார்ட்னரும் லாம்பர்ட்டும் 1959-ல் எழுதிய கட்டுரை, அந்த மொழிக்காரர்களோடு பழக விரும்பிப் படிப்பவர்களே முந்துவதாகச் சொன்னது. பம்பாயில் மராத்தி மாணவிகளிடம் யாஸ்மீன் லுக்மானி நடத்தி 1972-ல் வெளிவந்த ஆய்வோ, வேலை, முன்னேற்றம் என்று பயன் கருதிப் படித்தவர்கள் ஆங்கிலத்தில் நன்றாகத் தேறியதைக் காட்டியது. ஆகவே எந்தக் காரணத்துக்காக வந்தாலும் சரி, வந்தவரைத் தக்கவைப்பது வகுப்பின் பொறுப்பு.

"அறுபது பேர் இருக்கும் வகுப்பில் எல்லாரையும் எப்படிப் பேச வைப்பது?" என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். 45 நிமிடப் பீரியடில் முதல் பத்து நிமிடத்தைப் பேச்சுக்கு ஒதுக்குங்கள். பக்கத்தில் இருப்பவரோடு ஜோடி. முதல் இரண்டு வாரத்துக்கு எட்டே வாக்கியம்: பெயர், ஊர், வயது, வழி கேட்பது, விலை கேட்பது, நன்றி, மன்னிக்கவும், இன்னொரு முறை சொல்லுங்கள். கடைசி வாக்கியம்தான் மிக முக்கியம். அது கைவசம் இருந்தால் புரியாத இடத்தில் பிள்ளை வாயடைத்து நிற்காது. ஆசிரியர் தினமும் மூன்று ஜோடியிடம் இரண்டிரண்டு நிமிடம் நின்று கேட்டால் போதும், பத்து நாளில் முப்பது ஜோடியும் முடிந்துவிடும். வாக்கியத்தின் நடுவே திருத்தக் கூடாது. பொதுவான தவறுகளில் மூன்றை மட்டும், யார் பெயரும் சொல்லாமல், கடைசியில் கரும்பலகையில் எழுதலாம். நடுவில் வெட்டித் திருத்தப்பட்ட பிள்ளை மறுநாள் கை தூக்குவதில்லை.

அடுத்த சிக்கல் எழுத்து. பாடத்தைத் தமிழெழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்கிறார்கள். மீனுக்கும் பானத்துக்குமான பிரெஞ்சுச் சொற்கள் இரண்டும் தமிழில் எழுதினால் 'புவாசோன்' என்றே விழும். முதல் ஒலி மட்டும்தான் வேறு. நம் வாய்க்கு அந்த இரண்டு ஒலியும் பழக்கம்தான். 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள், முதல் 'ப' ஒரு மாதிரி, இரண்டாவது வேறு மாதிரி. தொண்டையில் விரல் வைத்துச் சொன்னால் இரண்டாவதில் அதிர்வு தெரியும். அதேபோல் பிரெஞ்சின் மூக்கொலி கண்டு பயப்படவும் வேண்டாம். பேச்சில் 'மரம்', 'பணம்' என்று சொல்லும்போது கடைசி 'ம்' உதடு மூடாமல் மூக்கோடு நிற்கிறதே, அந்தப் பழக்கம் இங்கே உதவும். நீ, நீங்கள் என்ற வேறுபாடும் பிரெஞ்சில் உண்டு, ஆங்கிலத்தில் கிடையாது. ஆங்கிலம் வழியாக விளக்காமல் தமிழ் வழியாக விளக்கினால் பாதிப் பயம் போய்விடும். அஃறிணைப் பெயர்களுக்கும் ஆண்பால், பெண்பால் பார்க்க வேண்டியிருப்பதுதான் நமக்கு உண்மையிலேயே கடினம். அதற்குக் குறுக்குவழி இல்லை. ஒவ்வொரு சொல்லையும் அதன் முன்னால் வரும், பால் காட்டும் 'லெ', 'லா' போன்ற சிறுசொல்லோடு சேர்த்தே முதல் நாளிலிருந்து படிக்க வேண்டும்.

வீட்டுப்பாடத்துக்கு நம் ஊர் நீலப் பலகைகள் இருக்கின்றன. துய்மா வீதிப் பலகையில் பிரெஞ்சில் கடைசி எழுத்து 'எஸ்', உச்சரிப்பில் வராது. ரொமேன் ரொலான் வீதிப் பெயரின் கடைசி 'டி'யும் அப்படியே. பத்துப் பலகையைப் பார்த்து எழுதி வந்து படித்தால் பேசாத கடைசி எழுத்து என்ற பாடம் முடிந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வில் இருக்கும் சொல்தாக்கள் பலர் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். மாதம் ஒருவரை அரை மணி நேரம் வகுப்புக்கு அழைக்கலாம். பிள்ளைகள் ஐந்து கேள்வி தயார் செய்து வரட்டும், வந்தவர் பதில் மட்டும் சொல்லட்டும். அவர் சொற்பொழிவாற்றத் தொடங்கினால் பிள்ளைகள் மறுபடி ஊமையாகிவிடுவார்கள்.

வருட முடிவுக்கு ஓர் இலக்கும் வேண்டும். 1889 முதல் இங்கே இயங்கும் பிரெஞ்சு மொழி நிறுவனமான அலியான்ஸ் பிரான்சேஸில், பிரெஞ்சு மொழித்திறனுக்கான டெல்ஃப் தேர்வு எழுதலாம். தொடக்கநிலையான ஏ1-ல் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25. மொத்தம் 100-க்கு 50 எடுத்தால் தேர்ச்சி, எதிலும் 5-க்குக் குறையக் கூடாது. பேச்சுத் தேர்வு ஏழு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சான்றிதழ் காலாவதி ஆவதில்லை. பள்ளிகளும் அகமதிப்பீட்டில் பாதியையாவது பேச்சுக்கு ஒதுக்கட்டும். மார்க்குக்காக வந்தவர்கள் மார்க்குக்காகவே பேசிப் பழகுவார்கள்.

தங்கள் இதழின் மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு தெருப் பலகையின் படத்தை உச்சரிப்புக் குறிப்போடு வெளியிட்டால், திங்கட்கிழமை வகுப்பில் அதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
மொழி ஆசிரியர்கள் சிலர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.