கேட்டுத் தெரிந்துகொள்வதற்கும் கூலி உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சொந்த ஊரில் இருந்தபடியே மென்பொருள் எழுதிப் பிழைக்கும் இளைஞர்களைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். சந்தோஷமாக இருந்தது. ஆனால் வேலை முடிந்த பிறகு பணம் கைக்கு வருவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எங்களுக்கு அதுதான் பெரும்பாடு.

நான் இருப்பது கம்பத்தில். மெட்டு ஏறினால் கேரளா. வண்டன்மேடு, கட்டப்பனைப் பக்கம் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருப்பவர்கள்தான் பெரும்பாலும் எனக்கு வேலை தருகிறார்கள். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு தோட்டத்துக்கு, ஆள் கணக்கு, பச்சைக்காய் எடை, சம்பளம் எல்லாம் போடுகிற மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். பேசியது 60,000 ரூபாய், முன்பணம் 20,000. தாளில் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை.

நிரல் எழுத மூன்று வாரம் ஆனது. அப்புறம்தான் வேலையே ஆரம்பித்தது. இங்கிருந்து விடியற்காலை ஜீப்பில் ஏறிப் போகும் பெண்களில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். என் மென்பொருள் இருவருடைய எடையையும் ஒருவர் கணக்கிலேயே ஏற்றிவிட்டது. அந்தச் சனிக்கிழமை இன்னொரு அக்கா காய் எடுத்த காசு இல்லாமல் வீடு திரும்பினார். தப்பு முழுக்க என்னுடையது. முதலாளியிடம் மட்டும் கேட்டு எழுதியிருந்தேன். கங்காணி அண்ணனின் நோட்டை ஒருமுறை புரட்டியிருந்தால், ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் அவர் ஊரையும் எழுதி வைத்திருந்தது தெரிந்திருக்கும்.

அதன் பிறகு நானும் ஜீப்பில் போய் எடை போடும் இடத்தில் உட்கார ஆரம்பித்தேன். சில நாள் நாட்கூலி, சில நாள் கிலோ கணக்கு. திருவிழாவுக்கு வாங்கிய முன்பணத்தை எத்தனை வாரத்தில் பிடிப்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும். சம்பளச் சீட்டு ஆட்களுக்குத் தமிழில், ஆபீசுக்கு மலையாளத்தில் வேண்டும். இப்படி ஐந்து மாதம் ஓடியது. மீதியைக் கேட்டால், "சின்ன மாற்றம்தானே, அடுத்த ஆழ்ச்ச தராம், மோனே" (அடுத்த வாரம் தருகிறேன், மகனே) என்பார் முதலாளி. 11 மாதம் கழித்து 20,000 வந்தது. மற்றது வரவே இல்லை.

அவரை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. கேட்பதும் திருத்துவதும்தான் இந்தத் தொழிலில் பாதிக்கு மேல் என்று நானே விலையில் சேர்க்கவில்லையே. கல்லூரியில் நிரல் எழுதச் சொல்லித் தந்தார்கள், பணம் கேட்கச் சொல்லித் தரவில்லை.

இதற்குச் சட்டம் இருக்கிறது என்பதும் தாமதமாகத்தான் தெரிந்தது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'வங்கி விகிதம்' என்ற வட்டியைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. எல்லையில் இருக்கும் எங்களுக்கு இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பணம் தர வேண்டியவர் கேரளாவில் இருந்தாலும் நாம் தமிழ்நாட்டிலேயே முறையிடலாம். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. தனி ஆளாக மென்பொருள் எழுதுகிறவரும் பதியலாம். வேலையில் இறங்கும் முன்பே பதிந்துவிடுவது நல்லது.

மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் நண்பர்கள் பாடு இன்னும் மோசம். பில் போட்டுவிட்டால், பணம் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் 18 சதவீத வரி கட்ட வேண்டும்.

இப்போது ஒரு பக்கத் தாளில் கையெழுத்து வாங்காமல் நான் கணினியைத் திறப்பதில்லை. எது முதல் விலைக்குள் அடங்கும், அதற்கு மேல் ஒரு நாள் திருத்தத்துக்கு என்ன கூலி என்று அதில் இருக்கும். கோபித்துக்கொண்டு போனவர்கள் இரண்டு பேர்தான்.

அந்தச் சட்டத்தின் 15 முதல் 18 வரையுள்ள பிரிவுகளை எளிய தமிழில் ஒரு பக்கமாக வெளியிடுங்கள். கம்பம், போடி, கூடலூர்ப் பக்கம் இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நானே நகல் எடுத்துக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், கம்பம்