பம்புக்கு வராத வோல்ட்

கோயம்புத்தூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது. சோம்பல் இல்லைடா. உன் சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் கார் முழுதாக மிதித்தால் பெட்ரோல் பற்றாமல் ஓடுகிறது, பெரிய இன்ஜெக்டர் வாங்கவா என்று நீ கேட்ட அதே கேள்வியை வைத்து என் ஃபியட் லீனியா டி-ஜெட் காரும் என்னை அலையவிட்டுக்கொண்டிருந்தது.

இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போவை மாற்றி, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் ஒரு சைஸ் பெரிதாகப் போட்டது உனக்குத் தெரியும். மூன்றாவது கியரில் முழுதாக மிதித்தால் 5,200 ஆர்பிஎம் வரை வைட்பேண்டில் (புகையை வைத்துக் கலவையைச் சொல்லும் மீட்டர்) லாம்ப்டா 0.80, கல்லு மாதிரி நிற்கும். 1 என்றால் காற்றும் பெட்ரோலும் சரிக்குச் சரி, குறையக் குறையப் பெட்ரோல் அதிகம். அதற்கு மேல் 0.89. டர்போ தரும் ஒரு பார் கூடுதல் அழுத்தத்தில், அதாவது பூஸ்ட்டில், இப்படி லீனாக (பெட்ரோல் குறைவாக) ஓடினால் பிஸ்டனுக்கு நாள் எண்ண வேண்டியதுதான். நான் என்ன செய்தேன்? எல்லோரும் செய்கிற மடத்தனம். லேப்டாப்பைத் திறந்து, எப்போது எவ்வளவு பெட்ரோல் என்று இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் மேப்பில் அந்த இடத்தில் 12 சதவீதம் பெட்ரோலைக் கூட்டினேன். காலையில் அருமை. ராத்திரி ஹெட்லைட்டும் ரேடியேட்டர் ஃபேனும் ஓடும்போது மறுபடி லீன்.

லைட்டைப் போட்டால் பெட்ரோல் குறைகிறது! அங்கேதான் பொறி தட்டியது.

ஃப்யூயல் பிரஷர் கேஜை வைப்பருக்கு அடியில் செருகி டேப் ஒட்டி, தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து முள்ளைப் பார்க்கச் சொன்னேன். 5,000 தாண்டியதும் அரை பார் இறங்கியது. பம்ப்தான் போச்சு என்று புதிது வாங்கக் கிளம்பிவிட்டேன். நல்லவேளை, அதற்கு முன் மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். பேட்டரியில் 13.9 வோல்ட், பம்ப் கனெக்டரில் 11.2. வோல்ட் பற்றாமல்தான் பம்ப் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. கதவோரக் கார்பெட்டைத் தூக்கினால், முன்பு வண்டியை வைத்திருந்தவர் திருட்டுக்குப் பயந்து மாட்டிய கட்-ஆஃப் சுவிட்ச். நூல் மாதிரி ஒயர், முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட். டேப் உருகிக் கறுத்து ஒயரோடு ஒட்டிக்கிடந்தது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பேட்டரியிலிருந்து ஃப்யூஸும் ரிலேயும் வைத்து 4 ஸ்கொயர் ஒயர் இழுத்தேன். 5,000 தாண்டியும் முள் இறங்கவில்லை. ஆனால் நான் கூட்டிய 12 சதவீதம் மேப்பிலேயே உட்கார்ந்திருந்ததே! லாம்ப்டா 0.71, பின்னால் கரும்புகை. கூட்டியதை எல்லாம் எடுத்த பிறகுதான் வண்டி ஒழுங்காக இழுத்தது.

அதனால் உன் டபிள்யூஆர்எக்ஸுக்குப் பெரிய இன்ஜெக்டர் வாங்குமுன், ஓடும்போது பதிவாகிற லாக்கைப் பார். 6,000 ஆர்பிஎம்மில் நான்கு ஸ்ட்ரோக்கும் முடிய 20 மில்லிசெகண்ட்தான் ஆகும். அதில் இன்ஜெக்டர் 17 மில்லிசெகண்டுக்கு மேல் திறந்திருந்தால் சின்னது, மாற்று. 14-லேயே லீன் என்றால் பணத்தை வீணாக்காதே, பிரஷர் எங்கே போகிறது என்று தேடு. பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரிலிருந்து, இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டுக்குப் போகிற அந்தச் சின்ன ரப்பர் ஹோஸை விரலால் மடக்கிப் பார். வெடித்திருந்தால் ஒரு பார் பூஸ்ட்டில், இன்ஜெக்டருக்கு 3 பார் கிடைக்க வேண்டிய இடத்தில் 2 பார்தான் மிஞ்சும். பெட்ரோலில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

இங்கே பங்கில் இப்போது இ20, இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தோமே, அது 13.5 பக்கம் இறங்கிவிட்டது. எந்தப் பெட்ரோலானாலும் சரியான கலவை 1 என்பதால், நான் கேஜை லாம்ப்டாவில் வைத்தே படிக்கிறேன். நீ மெல்பர்னில் 98 ஆக்டேன் ஊற்றுகிறாய், கொடுத்துவைத்தவன்.

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடியோடு சீரியல் பார்க்கிறார். அடுத்த மாதம் செட்டிபாளையம் கரி ரேஸ் ட்ராக்கில் ஒருநாள் ஓட்டிப் பார்க்கப் போகிறேன். அதற்குள் உன் லாக்கை அனுப்பு. ஃப்யூயல் பிரஷர் இல்லாத லாக் என்றால் திறக்கவே மாட்டேன், சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
முரளி