வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே பி.எப். கணக்கில் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்
பின்னலாடை நிறுவனத் தொழிலாளர்கள்,
திருப்பூர்.
(பெயர், கையெழுத்து, வேலையில் சேர்ந்த தேதி ஆகியவை ஒட்டிய கவரில் உள்ளன)

பெறுநர்
மண்டல வருங்கால வைப்பு நிதி ஆணையர் அவர்கள்,
மண்டல அலுவலகம்,
கோயம்புத்தூர்.

நாள்: 14.07.2025

பொருள்: பி.எப். கணக்கில் சேர்க்காமல் விடப்பட்ட தொழிலாளர்களை வேலையில் சேர்ந்த தேதியிலிருந்தே உறுப்பினராக்க, வருங்கால வைப்பு நிதி (பி.எப்.) சட்டத்தின் 7ஏ பிரிவின் கீழ் விசாரணை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு, வணக்கம்.

நாங்கள் திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறோம். கட்டிங், பவர் டேபிள் (தையல்), செக்கிங், அயர்ன், பேக்கிங் என எல்லாப் பிரிவும் சேர்த்து சுமார் 200 பேர் இருக்கிறோம். ஆபீஸ் ஊழியர்கள், மாஸ்டர்கள், சில டெய்லர்கள் என 60 பேர் வரைக்கும்தான் பி.எப். கணக்கு உண்டு. மற்றவர்களுக்கு, சேர்ந்து இரண்டு வருடமானாலும் பத்து வருடமானாலும் கணக்கு கிடையாது. கம்பெனியின் பெயரையும் குறியீட்டு எண்ணையும் இந்தத் தாளில் எழுதாமல் ஒட்டிய கவரில் வைத்திருக்கிறோம். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

எங்கள் கோரிக்கை இதுதான்: எங்கள் ஒவ்வொருவரையும் வேலையில் சேர்ந்த தேதியிலிருந்து கணக்கில் சேர்க்க உத்தரவிட வேண்டும். "சரி, அடுத்த மாதத்திலிருந்து எல்லாரையும் சேர்த்துவிடுகிறோம்" என்று நிர்வாகம் சொன்னால் அதோடு விசாரணையை முடித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஏன் அப்படிக் கேட்கிறோம் என்பதற்கு எங்கள் செக்கிங் பிரிவில் இருக்கும் ஒரு அக்காவின் கணக்கைச் சொல்கிறோம். 2017-ல் வேலைக்கு வந்தபோது அவருக்கு வயது 44. இப்போது 52. மாதம் 12,500 ரூபாய் வருகிறது. பி.எப்.போடு சேர்ந்த 1995-ம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டப்படி மாத ஓய்வூதியம் வாங்கக் குறைந்தது பத்து வருடம் பணிக்காலம் வேண்டும். வயது 58 ஆக வேண்டும். அவரை இன்றைக்குச் சேர்த்தால் 58 வயதுக்குள் ஆறு வருடம்தான் தேறும். மாத ஓய்வூதியம் கிடையாது. ஒரு சிறு தொகையை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். சேர்ந்த நாளிலிருந்து கணக்கில் எடுத்தால் 14 வருடம் வரும். சம்பளத்தைப் பணிக்காலத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பதுதான் சூத்திரம். அதன்படி இன்றைய சம்பளத்திலேயே மாதம் 2,500 ரூபாய் ஓய்வூதியம் உண்டு. நிர்வாகம் விழுங்கிய அந்த எட்டு வருடம்தான் அவருக்கு ஓய்வூதியம் உண்டா இல்லையா என்பதையே தீர்மானிக்கிறது. கணவர் இல்லாத, மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கும் பெண்ணுக்கு மாதம் 2,500 ரூபாய் என்பது வீட்டு வாடகை, ஐயா.

முதலாளியின் பங்கையும் சொல்லிவிடுகிறோம். 12,500 ரூபாய் சம்பளத்துக்கு 12 சதவீதம் என்றால் மாதம் 1,500 ரூபாய். அதில் 8.33 சதவீதம், அதாவது 1,041 ரூபாய் ஓய்வூதியத்துக்கும், மீதி 459 ரூபாய் பி.எப்.புக்கும் போக வேண்டும். இன்றைய சம்பளத்தை வைத்து எட்டு வருடத்துக்குப் பார்த்தால் முதலாளி பங்கு மட்டும் 1,44,000 ரூபாய், வட்டி தனி. இது இனாம் இல்லை. அவர் உழைப்புக்குச் சேர வேண்டிய கூலியின் ஒரு பகுதி.

எங்களில் பலருக்கு இந்தச் சட்டம் சரியாகப் புரிந்ததே இந்த வருடம்தான். பி.எப். என்பது கேட்டவர்களுக்கு, நிர்வாகத்துக்கு வேண்டியவர்களுக்குக் கொடுக்கும் சலுகை என்றே நினைத்திருந்தோம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில், 15,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் ஒவ்வொருவரையும் முதல் நாளிலிருந்தே சேர்ப்பது முதலாளியின் கடமை. தொழிலாளி கேட்க வேண்டியதில்லை. வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவும் வழியில்லை. ஆனால் எங்கள் கம்பெனியில் அப்படித்தான் எழுதி வாங்குகிறார்கள். "எனக்கு பி.எப். பிடித்தம் வேண்டாம், சொந்த விருப்பத்தில் எழுதித் தருகிறேன்" என்று தமிழில் டைப் அடித்த தாள், கீழே கையெழுத்துக்குக் கோடு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்களும் அதே தமிழ்த் தாளில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அதில் ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. அந்தத் தாள்களை நிர்வாகம் விசாரணையில் காட்டக்கூடும். அவற்றைத் தொழிலாளர்களின் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போன வருடம் பேக்கிங்கில் வேலை செய்த ஒருவர், சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன இரவில் மாரடைப்பில் இறந்துபோனார். ஆறு வருடம் வேலை பார்த்தவர். சின்ன வயதில் இரண்டு பிள்ளைகள். நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அடக்கச் செலவைப் பார்த்தோம். நிர்வாகமும் ஒரு தொகை கொடுத்தது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவர் கணக்கில் இருந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? அவர் சம்பளம் 12,000. பி.எப்.போடு சேர்ந்த காப்பீட்டுத் திட்டத்தில் சம்பளத்தின் 35 மடங்கு, அதாவது 4,20,000 ரூபாய்; அதோடு பி.எப். இருப்பில் பாதி, 1,75,000 ரூபாய்க்கு மிகாமல். மனைவிக்கு மாதம் குறைந்தது 1,000 ரூபாய் குடும்ப ஓய்வூதியம். பிள்ளைகள் இருவருக்கும் 25 வயது வரை தனித்தனியாக. இத்தனைக்கும் அந்தக் காப்பீட்டுக்கு முதலாளி கட்ட வேண்டியது சம்பளத்தில் அரை சதவீதம், மாதம் 60 ரூபாய். இறந்தவரின் பெயரும் பட்டியலில் இருக்கிறது. அவருடைய பணிக்காலத்தையும் விசாரணையில் சேர்த்து, குடும்பத்துக்குச் சேர வேண்டியதைக் கிடைக்கச் செய்யுங்கள்.

விசாரணை என்று வந்தால் என்ன பதில் வரும் என்பது எங்களுக்குத் தெரியும். "இவர்கள் எங்கள் ஆட்களே இல்லை, காண்ட்ராக்டர் ஆட்கள்" என்பார்கள். பவர் டேபிள் முழுவதும் காண்ட்ராக்ட் பெயரில்தான் ஓடுகிறது. ஆனால் மெஷின் கம்பெனியுடையது, நூல் கம்பெனியுடையது, எத்தனை பீஸ் முடிந்தது என்று மணிக்கு ஒரு தரம் வந்து போர்டில் எழுதுவதும் கம்பெனி சூப்பர்வைசர்தான். காண்ட்ராக்டர் மூலம் வேலைக்கு வந்தாலும் பணத்தைக் கட்டும் முதல் பொறுப்பு முதன்மை முதலாளிக்கே, அதாவது கம்பெனிக்கே என்று சட்டம் சொல்கிறது. காண்ட்ராக்டரிடம் பிடித்துக்கொள்வது அவர்கள் பாடு. அப்புறம், ஆறு மாதம் "டிரெயினிங்" என்பார்கள். அப்ரன்டிஸ் (தொழில் பழகுநர்) சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்டவர் எங்களில் ஒருவரும் இல்லை. இரண்டாவது மாடியில் நடக்கும் அயர்ன், பேக்கிங் பிரிவுகளை வேறு ஒரு பெயரில் காட்டி, அங்கே 20 பேர் இல்லை என்பார்கள். வாசல் ஒன்று, கேட் வாட்ச்மேன் ஒருவர், சம்பளம் கொடுக்கும் மேசையும் ஒன்று. கிளைகளையும் பிரிவுகளையும் ஒரே நிறுவனமாகக் கருத வேண்டும் என்று பி.எப். சட்டத்தின் 2ஏ பிரிவே சொல்கிறது.

கம்பெனியில் வருகைப் பதிவேடு இரண்டு இருக்கிறது. அதிகாரிகளுக்குக் காட்டும் பதிவேட்டில் எங்கள் பெயர் இருக்காது. நிஜமான ஷிப்ட் கணக்கு சூப்பர்வைசரிடம் இருக்கும் நீள நோட்டில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் வாரச் சம்பளம் போடுகிறார்கள். சம்பளக் கவரின் பின்பக்கம் பென்சிலில் "ஷிப்ட் 8½, அட்வான்ஸ் 500" என்று எழுதியிருக்கும். பெயர்கூட இனிஷியலோடு நின்றுவிடும். பையர் ஆடிட் (சரக்கு வாங்குபவரின் ஆய்வு) வரும் நாளில் பட்டியலில் இல்லாதவர்களைப் பின்கேட் வழியாக மதியமே அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு அரை ஷிப்ட் கூலி போய்விடும். அதனால் முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு ஆய்வுக்கு வந்தால் எங்கள் யாரையும் நீங்கள் பார்க்க முடியாது. சொல்லாமல் வாருங்கள். காலை எட்டரைக்கு கேட்டில் நின்றால் போதும்.

ஆதாரத்துக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. எங்களில் பலருக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) அட்டை கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிச் செலவு தன் தலையில் விழக்கூடாது என்று நிர்வாகம் அதை மட்டும் செய்திருக்கிறது. இ.எஸ்.ஐ. பட்டியலையும் பி.எப். பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடுபட்டவர்கள் யார், எந்தத் தேதியிலிருந்து என்பது அங்கேயே தெரிந்துவிடும். பதிவேடுகளை வரவழைக்கவும் சாட்சிகளை அழைக்கவும் 7ஏ பிரிவு உங்களுக்கு நீதிமன்றத்துக்குரிய அதிகாரத்தையே கொடுத்திருக்கிறது.

கணக்கு இருக்கும் டெய்லர்களுக்கும் குறை இல்லாமல் இல்லை. சிலருக்குச் சம்பளத்தில் பாதியை மட்டும் அடிப்படைச் சம்பளமாகக் காட்டி, மீதியை அலவன்ஸ் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எல்லாருக்கும் ஒரேபோலக் கொடுக்கும் அலவன்ஸையும் பி.எப். கணக்கில் சேர்க்க வேண்டும் என்று விவேகானந்தா வித்யாமந்திர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 28.02.2019 அன்று தீர்ப்பளித்துவிட்டது. வேறு சிலருக்குத் தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு இரண்டையுமே கூலியிலிருந்து பிடிக்கிறார்கள். இன்னும் நான்கைந்து பேருக்குச் சம்பளக் கவரில் பிடித்தம் காட்டியிருக்கிறது, பாஸ்புக்கில் அந்த மாதங்கள் காலியாக இருக்கின்றன. பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடிக் குற்றம்; புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-வது பிரிவில் அது வெளிப்படையாகவே இருக்கிறது. வடமாநிலத் தம்பிகளின் யு.ஏ.என். (பி.எப். உறுப்பினரின் நிரந்தர எண்) கணக்கில் காண்ட்ராக்டரின் செல்போன் எண்ணைக் கொடுத்திருப்பதால், அவர்கள் கணக்கில் என்ன நடக்கிறது என்ற தகவல் அவர்களுக்கு வருவதே இல்லை. அந்த எண்களை மாற்றித் தர ஏற்பாடு செய்ய வேண்டும்.

பழைய பாக்கி என்று வரும்போது எங்களுக்கு ஒரு பயம் உண்டு. எட்டு வருடத்துக்கான தொழிலாளி பங்கையும் இப்போது எங்கள் கூலியிலிருந்து பிடித்துவிடுவார்களோ என்று பலர் கையெழுத்துப் போடவே தயங்கினார்கள். உரிய காலத்தில் பிடிக்காமல் விட்ட தொழிலாளி பங்கைப் பிறகு பொதுவாகப் பிடிக்க முடியாது என்று 1952-ம் ஆண்டு பி.எப். திட்டத்தின் 32-வது பத்தி சொல்கிறது. அதே போல, பி.எப். கட்ட வேண்டியிருக்கிறது என்பதைக் காரணம் காட்டிக் கூலியைக் குறைக்கக் கூடாது என்கிறது சட்டத்தின் 12-வது பிரிவு. இந்த இரண்டையும் உத்தரவிலேயே எழுத்தில் குறிப்பிட வேண்டும். எழுத்தில் இல்லாவிட்டால் இங்கே நடக்காது.

அவசரமாகக் கேட்பதற்கு இரண்டு காரணங்கள். மத்திய அமைச்சரவை இந்த மாதம் 1-ம் தேதி ஒப்புதல் கொடுத்த வேலைவாய்ப்பு ஊக்கத்தொகைத் திட்டம் வரும் ஆகஸ்ட் 1 முதல் வருகிறது. முதல் முறையாக பி.எப்.பில் சேரும் தொழிலாளிக்கு ஒரு மாதச் சம்பளம், 15,000 ரூபாய் வரை. புதிதாக ஆள் சேர்க்கும் முதலாளிக்கு ஓர் ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் வரை. நல்ல திட்டம்தான். ஆனால் ஆகஸ்ட் மாதம் எங்களையெல்லாம் புது ஆட்கள் என்று காட்டிவிட்டால் என்ன ஆகும்? எட்டு வருடம் பாக்கி வைத்தவருக்கு அரசே பணம் கொடுத்ததாக ஆகிவிடும். எங்கள் பழைய வருடங்களும் அதோடு அழிந்துவிடும். ஆகஸ்டுக்குப் பிறகு இந்தக் கம்பெனியிலிருந்து வரும் புதுப் பெயர்களை இ.எஸ்.ஐ. பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே ஏற்க வேண்டும். இரண்டாவது, 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தால், ஐந்து வருடத்துக்கு மேல் பழைய விவகாரத்தில் விசாரணை தொடங்க முடியாது. எங்களில் பாதிப் பேருக்கு ஐந்து வருடம் எப்போதோ தாண்டிவிட்டது. அதற்கு முன்னால் விசாரணையைத் தொடங்கிவிடுங்கள்.

முதலாளிகளுக்கும் சிரமம் உண்டு. பையர் விலையைக் குறைக்கிறான், நூல் விலை ஏறுகிறது, பக்கத்து யூனிட் பி.எப். கட்டாமல் ஐந்து ரூபாய் குறைத்து ஆர்டர் எடுத்துவிடுகிறது. ஊரில் ஒழுங்காகக் கட்டும் கம்பெனிகளும் நிறைய இருக்கின்றன. இந்தப் போட்டியில் அடிபடுவது அவர்கள்தான். சட்டம் எல்லார் மேலும் ஒரேபோல விழுந்தால் யாரும் தொழிலாளியின் வயதான காலத்தை வைத்து விலை குறைக்க முடியாது. எங்களுக்குள்ளும், இப்போது கையில் வரும் காசு குறையுமே என்று தயங்குபவர்கள் உண்டு. வாரக் கூலியில் குடும்பம் நடத்துபவருக்கு 12 சதவீதம் பெரிய தொகைதான். அதனால்தான் சட்டம் இதை அவரவர் விருப்பத்துக்கு விடாமல் முதலாளியின் கடமையாக வைத்திருக்கிறது என்று நாங்கள் புரிந்துகொள்கிறோம்.

கம்பெனிப் பெயரைத் தனியே வைத்ததன் காரணம்: புகார் கொடுத்தவர் யார் என்று தெரிந்தால் மறுநாள் "வேலை இல்லை, சொல்லி அனுப்புகிறோம்" என்று கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். இதற்கு முன் அப்படி நடந்திருக்கிறது. ஆகவே மனுவின் நகலை நிர்வாகத்துக்கு அனுப்பும்போது கையெழுத்துத் தாளை அனுப்ப வேண்டாம். சாட்சி சொல்ல வேண்டியிருந்தால் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஆட்கள் வரத் தயாராக இருக்கிறோம். மாதந்தோறும் 27-ம் தேதி நடக்கும் குறைதீர் முகாமுக்கோ, நீங்கள் சொல்லும் ஞாயிற்றுக்கிழமையிலோ வந்துவிடுவோம்.

கடைசியாக ஒரு சிறு வேண்டுகோள். இந்தக் கம்பெனியில் மட்டுமல்லாமல், உங்கள் எல்லைக்குள் இருக்கும் எல்லா பனியன் கம்பெனி கேட்டிலும் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் ஓர் அறிவிப்புப் பலகை வைக்கச் சொல்லுங்கள். முதல் நாளிலிருந்து பி.எப். உண்டு, வேண்டாம் என்று கையெழுத்து வாங்குவது செல்லாது, யு.ஏ.என். எண்ணை ஆபீசில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்ற மூன்று வரி போதும். கேட்டுக்குள் நுழையும்போதே புதிதாக வரும் பெண்பிள்ளைகள் படித்துவிட்டு வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கையொப்பமிட்டுள்ள தொழிலாளர்கள்.

இணைப்பு: நிறுவன விவரமும் கையெழுத்துப் பட்டியலும் (ஒட்டிய கவரில்), சம்பளக் கவர்களின் நகல், இ.எஸ்.ஐ. அட்டைகளின் நகல், பி.எப். பாஸ்புக் பக்கங்கள், "பி.எப். வேண்டாம்" தாளின் செல்போன் படம்.