கனடாவின் வின்னிபெக்கிலிருந்து அம்மாவுக்கு

ஜனவரி 28

அம்மா,

மேட்டு வீட்டு அக்காவிடம் நீ கொடுத்தனுப்பிய புளியும் கடிதமும் வந்து இருபது நாளாகிறது. பதில் எழுதாதது என் தப்புதான். நைட் டியூட்டி முடித்துத் தூங்கி எழும்போது உனக்கு நடுராத்திரி.

இங்கே மைனஸ் முப்பது. கீழ் வீட்டு உக்ரைன் பாட்டி விடிவதற்குள் என் வாசல் பனியையும் சேர்த்து வாரிவிடுகிறார். போன வாரம் ராகிக் களி கிண்டிக் கொடுத்தேன். பாவம், மென்றுகொண்டே இருந்தார். மெல்லாமல் முழுங்கணும் என்று செய்து காட்டினேன். சாப்பாட்டுக்கு எனக்குக் குறை இல்லை. இந்த மாதப் பணம் மட்டும் பத்து நாள் தள்ளி வரும், வாடகை ஏறியிருக்கிறது, வேறொன்றுமில்லை.

வார்டில் எல்லோருமே சிக்கலான கர்ப்பிணிகள். வடக்கே ரோடே இல்லாத ஊர்களிலிருந்து விமானத்தில் கொண்டுவருகிறார்கள். ஐந்து வாரமாக ஒருத்தி படுத்திருக்கிறாள், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது. நேற்று குழந்தையின் துடிப்பைக் கேட்க வயிற்றில் பெல்ட் கட்டும்போது, "மூத்தவன் முகமே மறந்திடும் போல" என்று அழுதாள். எனக்கு நம் தோப்பு ஞாபகம் வந்துவிட்டது. இந்நேரம் மா பூத்திருக்கும் இல்லையா? அந்த வாசனை வந்து மூன்று வருஷமாகிறது அம்மா.

சரி, தங்கச்சி பாப்பா விஷயம். ஏழாம் மாசத்தில் கால் வீங்கினால் பார்லித் தண்ணி போதும் என்று அவள் மாமியார் சொன்னதாக எழுதியிருக்கிறாய். கால் வீக்கம் சாதாரணமாகவும் வரும். ஆனால் முகமும் கையும் வீங்கினால் அப்படி விடக்கூடாது. நாளைக்கே காவேரிப்பட்டணத்தில் பிரஷரும் யூரினும் பார்க்கச் சொல். 140/90-க்கு மேல் போனால் அன்றைக்கே டாக்டர் பார்க்கணும். 160/110 வந்தாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி இருந்தாலோ ஒரு நிமிஷமும் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிட்டு கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே வலிப்பு வராமல் மெக்னீசியம் போடுவார்கள். குறைமாசத்தில் பிறக்கும் போலிருந்தால் குழந்தையின் நுரையீரலுக்கு ஊசி உண்டு, அது முழுசாக வேலை செய்ய ஒரு நாளாவது வேண்டும். அதனால்தான் சீக்கிரம் போகச் சொல்கிறேன். வளைகாப்பு இரண்டு வாரம் தள்ளினாலும் பரவாயில்லை.

அப்பாவிடம் சொல், பூவைப் பார்த்ததுமே பெங்களூரா மாமரங்களைக் குத்தகைக்கு விட வேண்டாம், பிஞ்சு நிற்கட்டும். பாப்பாவின் பிரஷர் எவ்வளவு என்று எண்ணோடு மெசேஜ் போடு. எத்தனை மணியானாலும் பார்ப்பேன்.

உன் பெரியவள்